திருமேசையும் பெஞ்சும்: நம் ஆலயங்களின் இருக்கை ஒழுங்கு பற்றி ஒரு திறனாய்வு

ஓர் ஆலயம் புதிதாகக் கட்டப்படும்போது சேகரக் குழுவில் நீண்ட விவாதத்துக்கு உள்ளாகும் பொருள்கள் சில உண்டு. கோபுரத்தின் உயரம், மணியின் எடை, அஸ்திபாரக் கல்லில் பொறிக்கப்பட வேண்டிய பெயர்களின் வரிசை ஆகியன அவற்றுள் அடங்கும். சபையார் எங்கே, எதன்மேல், யாரை நோக்கி அமர்வது என்னும் கேள்வி மட்டும் பெரும்பாலும் விவாதமின்றியே தீர்ந்துவிடுகிறது. ஒப்பந்தக்காரர் வரைபடத்தில் ஒரு நீள்சதுரத்தைக் காட்டுகிறார், மரக்கடைக்காரர் பெஞ்சுக்கு விலை சொல்லுகிறார், உபயகாரர்கள் முன்வருகிறார்கள். பிரதிஷ்டைக்கு எழுந்தருளும் பேராயர், தம்மைக் கேளாமலே முடிவாகிவிட்ட ஓர் இறையியலுக்கு ஆசீர்வாதம் கூறிச் செல்லுகிறார்.

இறையியல் என்னும் சொல்லை இங்கே வேண்டுமென்றே ஆளுகிறோம். சபை என்பது யார், திருவிருந்து என்பது என்ன, ஆயருக்கும் மக்களுக்கும் உள்ள உறவு யாது என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஆலயத்தின் இருக்கை ஒழுங்கு விடை கூறிக்கொண்டே இருக்கிறது. அவ்விடை, நாம் கையில் ஏந்தும் வழிபாட்டுப் புத்தகத்தின் விடையோடு முரண்படுமாயின், வெல்லுவது இருக்கையே. புத்தகத்தை மூடிவைக்கலாம், தரையோடு திருகாணியால் இறுக்கிய பெஞ்சை அவ்வாறு செய்ய இயலாது. தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்ச் சபைகளில் இத்தகைய முரண்பாடு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவிவருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஐக்கியம் நிறைவேறியபோது, ஒன்றுசேர்ந்தவர்கள் ஒரே வகையான ஆலயங்களிலிருந்து வந்தவர்களல்லர். ஆங்கிலிக்கன் மரபினர் கீழ்ச்சுவரையொட்டிய பீடத்தையும் அதன் முன்னுள்ள கிராதியையும் அறிந்தவர்கள். அக்கிராதியண்டை முழங்காற்படியிட்டு நற்கருணை பெற்றவர்கள். லண்டன் மிஷன் மரபில் வந்தவர்களுக்குப் பிரசங்க பீடமே ஆலயத்தின் தலைமையிடம். அப்பமும் கிண்ணமும் அவர்கள் அமர்ந்திருந்த இடத்திற்கே வந்தன. மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் மரபுகளுக்கும் தத்தம் வழக்கங்கள் இருந்தன. (ஸ்காட்லாந்துத் திருச்சபையார் முற்காலத்தில் நீண்ட மேசைகளைச் சுற்றி விருந்தினர்போலவே அமர்ந்து நற்கருணையைக் கைமாற்றிக்கொண்டனர் என்பது நம்மவருள் பலருக்கு மறந்துபோன செய்தி. நாம் அவர்களிடமிருந்து பெற்ற பலவற்றுள் இதைப் பெறாமல் விட்டது வியப்பே.)

1950இல் முதன்முதலாக வழக்கிற்கு வந்த கர்த்தருடைய திருவிருந்து முறைமை, இவ்வழக்கங்களுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஏனையவற்றைத் தள்ளிவிடவில்லை. அது இவை யாவற்றுக்கும் முற்பட்ட ஆதித் திருச்சபையின் வழக்கத்தை நாடிச் சென்றது. ஆயர் திருமேசைக்குப் பின்னே மக்களை நோக்கி நிற்கிறார். சிரியன் மரபில் காக்கப்பட்டுவந்த வழக்கத்தைப் பின்பற்றி, சமாதானம் கையிலிருந்து கைக்கு வழங்கப்படுகிறது. அப்பமும் திராட்சரசமும் மக்களின் காணிக்கையோடு சபையின் நடுவிலிருந்து மேசைக்கு எடுத்துவரப்படுகின்றன. உரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனம் வெளியானது 1963இல். அதன் பின்னரே உலகெங்கும் பீடங்கள் சுவரைவிட்டு முன்னோக்கி நகரத் தொடங்கின. மார்ட்டின் லூத்தர் தாமும் 1526இல் வெளியிட்ட ஜெர்மன் ஆராதனை முறைமையில், உண்மையான கிறிஸ்தவ விருந்தில் குருவானவர் மக்களை நோக்கி நிற்பதே தகும் எனக் கருதியும், அதை நடைமுறைப்படுத்தாமல் வேறொரு காலத்துக்கு விட்டுவிட்டார். லூத்தர் தள்ளிவைத்ததையும் உரோமை பின்னர் ஏற்றதையும் 1950இலேயே செய்து முடித்த பெருமை நம் திருச்சபைக்கு உரியது. உலகத் திருச்சபைகள் இம்முறைமையைப் போற்றிப் பின்பற்றின என்பது வழிபாட்டியல் பயிலும் மாணவர் எவரும் அறிந்ததே.

ஆனால் இப்பெருமை ஏட்டளவில் நிற்கிறது. முறைமையின் மூன்று செயல்களையும் நம் ஆலயம் ஒன்றின் தளத்தில் வைத்து நோக்குவோமாக.

ஆயர் மக்களை நோக்கித் திரும்பிவிட்டார் என்பது உண்மையே. பல ஆலயங்களில் திருமேசை சுவரிலிருந்து நான்கடி முன்னே இழுக்கப்பட்டு, அவர் நிற்பதற்கு இடம் உண்டாக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் மேசைக்கு முன்னே கிராதி இருக்கிறது. கிராதிக்கு முன்னே படிகள். படிகளுக்கு முன்னே பாடகர் குழுவின் இருக்கைகள். அவற்றுக்கும் முன்னே ஒரு வெளி. அதன் பின்னரே சபையின் முதல் பெஞ்சு தொடங்குகிறது. முகம் திரும்பியதேயன்றித் தூரம் குறையவில்லை. முன்பு மக்களுக்கு முதுகு காட்டி ஜெபித்த குருவானவரை, மக்களுக்கு முன்னே நின்று தேவனை நோக்கும் தங்கள் பிரதிநிதியாகவாவது அவர்கள் எண்ண முடிந்தது. இப்போதோ ஒலிபெருக்கியின் துணைகொண்டு தொலைவிலிருந்து பேசும் ஒருவரை அவர்கள் காண்கிறார்கள். விருந்துக்கு அழைப்பவர் பந்தியிலேயே இல்லை.

சமாதானம் வழங்குதலை எடுத்துக்கொண்டால், முரண்பாடு இன்னும் தெளிவாகத் தெரியும். பெஞ்சில் அமர்ந்திருப்பவர் தம் வலப்புறத்தாரிடமிருந்து பெற்று இடப்புறத்தாரிடம் கொடுக்கிறார். தம் முன்னுள்ளவரின் பிடரியையும் பின்னுள்ளவரின் குரலையும் அன்றி வேறெதையும் அவர் அறியார். நம் சபைகளிலோ ஒரே பெஞ்சில் அமர்பவர்கள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தார். அன்றேல் ஒரே தெருவினர். வீட்டில் காலையில் காப்பி கொடுத்தவரிடமிருந்தே ஆலயத்தில் சமாதானத்தையும் பெற்று மீளுகிறார்கள். இரண்டு வரிசைகளுக்கு அப்பால் அமர்ந்திருக்கும், நிலத்தகராற்றில் எதிரியாகிவிட்ட பங்காளியின் கையை அது எட்டுவதேயில்லை. முறைமையை வகுத்தோர் எதிர்பார்த்தது ஒப்புரவின் செயல். நம் தச்சர் விட்டுக்கொடுத்தது குடும்ப நலவிசாரிப்பு. காணிக்கைப் பவனியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்பமும் இரசமும் காலையிலேயே மேசைமேல் மூடிவைக்கப்பட்டிருக்கும் ஆலயங்களே மிகுதி.

இவ்வாறாயின், பெஞ்சு திருச்சபைக்குள் எவ்வாறு வந்தது? பலர் எண்ணுவதுபோல அது தொன்றுதொட்டு வந்த பொருளன்று. பண்டைய பேராலயங்களில் கண்காணியானவரும் மூப்பர்களும் அமர்ந்தனர், மக்கள் நின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலத்திலும் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்று 325இல் கூடிய நிசேயா சங்கம் தன் இருபதாம் விதியில் கட்டளையிட்டது. கீழைத் திருச்சபைகள் பல இன்றளவும் அவ்வழக்கத்தைக் காத்துவருகின்றன. மேனாட்டில் இடைக்காலத்தின் பிற்பகுதியில்தான் பெஞ்சுகள் பரவின. சீர்திருத்தத்துக்குப் பின் நீண்ட பிரசங்கங்கள் வழிபாட்டின் நடுவிடத்தைப் பெற்றபோது அவை இன்றியமையாதவையாயின. அதன் பின் நேர்ந்தது இன்னும் கேடானது. இங்கிலாந்தில் செல்வர்கள் பெஞ்சுகளை வாடகைக்குப் பெற்று, கதவு வைத்து அடைத்து, தங்கள் குடும்பத்துக்கு உரிமையாக்கிக்கொண்டனர். ஏழைகளுக்குப் பின்னிடமும் இடைவழியும் மிஞ்சின. 1839இல் தோன்றிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கத்தார் அக்கதவுப் பெஞ்சுகளை எதிர்த்துப் போராடியது பாராட்டுக்குரியது. ஆனால் அவர்களே பீடமும் பாடகர் குழுவும் இருக்கும் பகுதியைச் சபையின் பகுதியினின்று படிகளால் உயர்த்திப் பிரிக்கும் இடைக்கால அமைப்பை மீண்டும் நிலைநாட்டினர். ஆங்கிலேயர் சென்ற நாடெங்கும் அவ்வமைப்பும் உடன் சென்றது. திருநெல்வேலிச் சீமையின் கோதிக் ஆலயங்கள் அக்காலத்து உணர்வில் எழுந்தவை. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயரும் இடையன்குடியில் கால்டுவெல் ஐயரும் கட்டிய ஆலயங்களை நாம் வியந்து நோக்குவது தகும். இடையன்குடி ஆலயத்துக்கு 1847இல் அஸ்திபாரம் இடப்பட்டு 1880இல்தான் பிரதிஷ்டை நடந்தது. முப்பத்துமூன்று ஆண்டுப் பொறுமை எளிதில் வாய்ப்பதன்று. எனினும், அவை கிறிஸ்தவ ஆலயத்தின் என்றுமுள்ள வடிவம் என்று எண்ணி இன்று சிமெண்டில் நகலெடுப்பது வரலாற்றறிவின்மையே.

பெஞ்சினால் நாம் இழந்தவற்றுள் ஒன்றை யாரும் கணக்கிடுவதில்லை. அது முழங்காற்படியிடுதல். பாயில் அமர்ந்திருக்கும் ஒருவர், ஜெபம் என்றவுடன் முழங்காலில் எழுந்து, நெற்றி தரையைத் தொடக் குனிகிறார். சிற்றூர்ச் சபைகளில் வயது முதிர்ந்த தாய்மார் இன்றும் அவ்வாறு ஜெபிப்பதைக் காணலாம். மூன்றடி இடைவெளியில் வரிசையாக இறுக்கப்பட்ட பெஞ்சுகளுக்கிடையே இது இயலாது. ஆகவே நகரத்துச் சபையார் சற்றே முன்சாய்ந்து, முன்பெஞ்சின் முதுகில் நெற்றியை வைத்துக்கொள்ளுகிறார்கள். அதற்கும் முழங்காற்படியிடுதல் என்றே பெயர் வழங்குகிறது. ஆராதனை ஒழுங்கில் குறிப்பு மாறவில்லை; உடல் அதைக் கைவிட்டுப் பல காலமாயிற்று.

இதுவரை கூறியதைக் கேட்டு, ‘அப்படியானால் பெஞ்சுகளை அகற்றிப் பாய் விரித்துவிடலாமே, அதுதானே நம் பண்பாடு’ என்று முடிவு செய்யும் இளம் இறையியலாளர் உண்டு. அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். தமிழ் மண்ணில் பாய்க்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அது தூயதன்று.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1707இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்திலேயே இருக்கை வேற்றுமை தொடங்கிவிட்டது. ஐரோப்பிய உடை தரித்தவர்கள் பெஞ்சுகளில் அமர்ந்தனர். தமிழர் உடை தரித்தவர்கள் பாயிலும் தரையிலும் அமர்ந்தனர். உடையைப் பொறுத்த வேற்றுமை என்று அதைச் சிலர் மென்மையாகக் கூறலாம். 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தின் காலத்திலோ, தரையில் அமர்ந்தவர்களுக்குள்ளேயே சாதியின்படி பிரிவு நிலைத்தது. ஒரே கூரையின்கீழ், ஒரே சிலுவையின்முன், பாய்களுக்கிடையே விடப்பட்ட ஒரு சிறு இடைவெளி தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. அவ்விடைவெளியைத் தாண்ட ஒரு காலடி போதும். அதைத் தாண்டுவதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட போராட்டம் தேவைப்பட்டது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் 1829ஆம் ஆண்டு எழுத்து இவ்விடத்தில் மிகுந்த கவனத்துக்குரியது. புதிதாக வந்த மிஷனரிமார் செய்த கொடுமைகளென அவர் நான்கினைக் குறித்தார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியது ஒன்று. விசேஷங்களில் மலர்களை விலக்கியது ஒன்று. தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையினின்று அகற்றியது ஒன்று. இம்மூன்றிலும் நாம் இன்று அவர் பக்கமே நிற்போம். நான்காவது, சாதிகளைச் சபையில் ஒன்றாகக் கலந்தது. தமிழ்த் திருச்சபையின் பாட்டுச் செல்வத்துக்கு ஈடிணையற்ற கொடை தந்த அதே கரம், மலரையும் கீர்த்தனையையும் காத்த அதே மூச்சில், சாதி இருக்கையையும் காக்க முயன்றது. பண்பாடு என்று நாம் கட்டும் மூட்டைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று அவிழ்த்துப் பாராமல் தோளில் ஏற்றலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றில் இல்லை. சுதேசியமாக்குதலைப் பற்றி எழுதுவோர் இந்நான்கையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதில்லை. முதல் மூன்றை மேற்கோள் காட்டி நான்காவதை விட்டுவிடுகிறார்கள்.

கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் அனுப்பிய சுற்றுக்கடிதம், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றிலும், இறுதியாகக் கைவிடப்பட வேண்டும் எனக் கட்டளையிட்டது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் பெருந்தொகையினர் சபையைவிட்டு வெளியேறினர். அவர்களுள் பலர் விசுவாசப் பிரமாணத்தின் எந்த வாக்கியத்தையும் மறுத்தவர்களல்லர். எவர் அருகில் அமர்வது, எவருக்குப் பின் கிண்ணத்தைப் பெறுவது என்பவற்றுக்காகவே அவர்கள் எழுந்து போனார்கள். இருக்கை ஒழுங்கு ஒரு சிறிய காரியம் என்று கூறுவோர் இதற்கு என்ன சொல்லுவார்கள் என்று அறிய விரும்புகிறோம்.

கத்தோலிக்கச் சகோதரரின் வரலாற்றிலிருந்தும் ஒன்றைச் சுட்டலாம். அவர்களைக் குறைகூறுவதற்காக அன்று, அச்சிற்றூரில் நேர்ந்தது கல்லிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பதற்காக. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் இரண்டு நீண்ட கைகளாகப் பிரிந்து, பீடத்தண்டை மட்டும் ஒன்றுசேர்ந்தது. ஒரு கையில் வேளாளர் அமர்ந்தனர். மறு கையில் நாடார் அமர்ந்தனர். இரு சாராரும் ஒரே பீடத்தைக் கண்டனர், ஒருவரையொருவர் காணவில்லை. பிரிவுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. பழைய உரிமையைக் கோரியவர்கள் வெற்றி பெறவில்லை. நம் ஆலயங்களில் அத்தகைய சுவர் இல்லை. ஆனால் நடுவழியின் இருபுறமும் எவரெவர் அமர்கிறார்கள் என்பதை ஓர் ஆயர் ஆறு மாதம் கவனித்துவந்தால், செங்கல் இல்லாமலும் சுவர் நிற்கும் என்பதை அவர் அறிந்துகொள்வார்.

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டே ஆசிரம இயக்கத்தாரின் சோதனையையும் மதிப்பிட வேண்டும். 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய மருத்துவர்கள் ஜேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும், பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டவர்கள், திராவிடக் கோயிற் பாணியில் ஜெபாலயம் எழுப்பினர். அங்கே வழிபடுவோர் தரையில் அமர்ந்தனர். உரோமன் கத்தோலிக்கத் திருச்சபையும் 1969இல் இந்திய வழிபாட்டுக்கென ஏற்ற பன்னிரண்டு மாற்றங்களுள் தரையில் அமர்வதையும் காலணி களைவதையும் சேர்த்தது. ஆசிரமத்தின் தரையில் ஒரு நேர்மை இருந்தது. அங்கே ஸ்காட்லாந்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்த மருத்துவரும் தரையிலேயே அமர்ந்தார். உயர்ந்தவர் தாமே இறங்கிவந்த தரை அது. ஒருவரும் அங்கே தள்ளப்படவில்லை.

சேரியிலிருந்து வந்த சபையாருக்கு நிலைமை வேறு. அவருடைய பாட்டன் பண்ணையாரின் முற்றத்தில் தரையில் குந்தியிருந்தவன். திண்ணையில் ஏறவும் கட்டிலில் அமரவும் அவனுக்கு அனுமதியில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தின் பெஞ்சும் ஆலயத்தின் பெஞ்சும் அவர்களுக்கு மரச்சாமான் மட்டுமல்ல. பிறரோடு ஒரே உயரத்தில் அமரலாம் என்னும் செய்தி முதன்முதலாக அவர்கள் உடம்புக்கு எட்டிய இடம் அது. அத்தகைய சபையிடம் சென்று, ‘பெஞ்சு மேனாட்டுப் பழக்கம், தரையே இந்தியப் பண்பாடு’ என்று போதிக்கும் இறையியல் மாணவர், யாருடைய இந்தியாவைப் பற்றிப் பேசுகிறார்? பாயில் அமர்வது துறவு என்று கருத, முதலில் நாற்காலி ஒன்று நமக்கு உரியதாய் இருந்திருக்க வேண்டும். தரைக்காகப் பேசும் நூல்களுள் பல, நாற்காலியில் அமர்ந்து எழுதப்பட்டவை என்பதையும் கூறிவிடுவது நலம்.

ஆகவே, பெஞ்சா பாயா என்பது நாம் தீர்க்க வேண்டிய கேள்வியன்று என்று தோன்றுகிறது. இவ்விரண்டிலும் எது சமத்துவமானது என்பதைப் பொருளின் இயல்பு முடிவு செய்வதில்லை. யாருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது என்பதே முடிவு செய்கிறது. பாய் விரித்த சபையில் ஆசிரியருக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் மட்டும் ஓரத்தில் நாற்காலி போடப்படுமாயின், மற்றவர் அமரும் பாய் அந்த நொடியே தாழ்ந்த இருக்கையாகிவிடுகிறது. அவ்வாறே பெஞ்சு போட்ட சபையில், முன்வரிசைக்கு முன்னே மெத்தை வைத்த சோபாக்கள் வந்து அமருமாயின், யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொண்ட சபை நம்முடையதே. பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவருக்குப் பாதபடியண்டையும் காட்டிய அச்சபையைப் பற்றி ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். பிரசங்கிக்கும்போது சோபாவில் அமர்ந்திருப்பவரை நோக்கியே ‘பெரியோர்களே’ என்று விளிக்கிறோம்.

ஆயரின் இருக்கையும் இதற்கு விலக்கன்று. திருமேசைக்குப் பின்னே உயர்ந்த முதுகும் சிவப்பு மெத்தையும் செதுக்கிய சிங்கமுகமும் கொண்ட மூன்று நாற்காலிகள் இன்று எங்கும் காணப்படுகின்றன. கிறிஸ்துவின் மேசையைச் சுற்றி அவற்றைவிட உயரமான பொருள் ஒன்றை எதற்காக வைத்திருக்கிறோம்? நாசரேத்தின் ஜெபாலயத்தில் ஆண்டவர் அமர்ந்து போதித்தார் என்பது மெய். போதகர் அமர்வது தொன்மையான வழக்கமே. ஆனால் சபை எதில் அமர்கிறதோ அதிலேயே அவரும் அமர்வதற்குத் தடை என்ன? சபை பாயில் என்றால் அவரும் பாயில். சபை பெஞ்சில் என்றால் அவருக்கும் ஒரு பெஞ்சு. நாற்காலியைச் செதுக்கிய தச்சரிடம் குறையில்லை. அதைக் கேட்டு வாங்கியவர் யார் என்பதே வினா.

அண்மைக்காலத்துப் புதிய ஆலயங்களைப் பற்றிச் சில சொற்கள் கூறாமல் விட இயலாது. இவற்றுள் பலவற்றில் கோதிக் வளைவுகள் முகப்போடு நின்றுவிடுகின்றன. உள்ளே இருப்பது திருமண மண்டபத்தின் அமைப்பு. ஒரு முனையில் நான்கடி உயர மேடை. மேடையின் நடுவே பெரிய ஒளித்திரை. ஓரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தாளக்கருவிகள். திருமேசையோ பின்னே தள்ளப்பட்டு, நற்கருணை இல்லாத ஞாயிறுகளில் பூச்சாடிகளையும் ஒலிவாங்கிக் கம்பிகளையும் தாங்கி நிற்கிறது. ஞானஸ்நானத் தொட்டி சக்கரம் வைத்த வண்டியில் ஏறி, தேவைப்படும்போது மட்டும் உள்ளே வருகிறது. திரையில் ஆயரின் முகம் பன்மடங்கு பெரிதாகத் தோன்றுகிறது. பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே ஒருவருக்கும் எழுவதில்லை. இந்த அமைப்புக்குப் பொருத்தமான பெயர் அரங்கு; அதில் அமர்பவர்களுக்குப் பொருத்தமான பெயர் பார்வையாளர். இது பெஞ்சைவிடக் கொடிய மாற்றம் என்று கருதுகிறோம். ஏனெனில் பழைய கோதிக் ஆலயத்தில், எவ்வளவு தொலைவில் இருந்தாலும், கண் சென்று நின்ற இடம் திருமேசையே.

பெஞ்சின் முதுகில் உபயகாரரின் பெயர் பொறிப்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்விசிறியின் இறகிலும் குழல்விளக்கின் மேலும் பெயர் எழுதும் வழக்கம் நகைப்புக்குரியதாக மட்டுமே இருக்கலாம். இருக்கையில் எழுதப்படும் பெயர் அப்படிப்பட்டதன்று. அது இடத்தைக் குறித்த உரிமைப் பத்திரம். ‘எங்கள் தகப்பனார் நினைவாக நாங்கள் போட்ட பெஞ்சில் யாரோ அமர்ந்திருக்கிறார்கள்’ என்னும் மனத்தாங்கல் எத்தனை சேகரங்களில் ஆயரிடம் முறையீடாக வந்திருக்கிறது என்பதை இவ்விதழின் வாசகர்களான அருட்பணியாளர்கள் அறிவார்கள். இங்கிலாந்து பெரும்பாடுபட்டு ஒழித்த பெஞ்சு வாடகை, நம்மிடம் நினைவுக்காணிக்கை என்னும் பக்திப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

வேறு வகையான இடமும் நம்மிடையே இல்லாமலில்லை. 1816இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தூய ஜார்ஜ் பேராலயத்தைக் கட்டிய பொறியாளர் டி ஹாவிலாண்ட், அடுத்த சில ஆண்டுகளில் எழும்பூரில் ஸ்காட்லாந்துச் சபையாருக்காகத் தூய அந்திரேயா ஆலயத்தை எழுப்பினார். 1821இல் அது திறக்கப்பட்டது. முன்னது நீள்சதுரம், பின்னது வட்டம். இலண்டன் தூய மார்ட்டின் ஆலயத்துக்கென ஜேம்ஸ் கிப்ஸ் வரைந்து, அங்கே ஏற்றுக்கொள்ளப்படாத வட்ட வரைபடத்தின் வழியில் எழுந்தது இது. பதினாறு தூண்கள் தாங்கும் கவிகைமாடத்தின்கீழ் அமர்பவர், எங்கே அமர்ந்தாலும், கூட்டத்தின் கடைக்கோடியில் தள்ளப்பட்டதாக உணர்வதில்லை. கண்ணை உயர்த்தினால் சக விசுவாசிகளின் முகங்கள் தென்படுகின்றன. இரண்டு ஆலயங்களும் இன்று ஒரே பேராயத்தைச் சேர்ந்தவை. 1950ஆம் ஆண்டு முறைமையை இரண்டிலும் ஒரே மாதத்தில் நடத்திப் பார்க்கும் இறையியல் மாணவர், வழிபாட்டியல் வகுப்பில் ஓராண்டில் பெறாத அறிவைப் பெறுவார். நாம் நகலெடுக்கத் தெரிந்துகொண்டதோ முன்னதன் நீள்சதுரத்தை. சுற்றிலும் தூண் நிறுத்தி வட்டமாகக் கட்டுவதற்கு ஆகும் செலவைக் காரணம் காட்டுவார்கள். வட்டம் வேண்டியதில்லை. சதுரமான ஒரு கூடத்தில், நீண்ட சுவர் ஒன்றின் நடுவே, ஒரே ஒரு படி உயரத்தில் திருமேசையை நிறுத்தி, மூன்று பக்கமும் சபையை அமர்த்துவதற்கு நீள்சதுரத்தைவிட ஒரு செங்கலும் கூடுதலாகாது.

புதிதாகக் கட்டும் சபைகள் முதலில் திருமேசையின் இடத்தைக் குறித்துவிட்டு, அதிலிருந்து சுவர்களை அளப்பது நன்று. பெஞ்சு வேண்டுமெனில், இருவர் தூக்கி நகர்த்தக்கூடிய, தரையில் இறுக்கப்படாத குறும்பெஞ்சுகள் போதும். முழங்காற்படியிடுவதற்கு வரிசைகளுக்கிடையே இடம் விடப்பட வேண்டும். இதனால் இருக்கைகளின் எண்ணிக்கை குறையும் என்று கணக்குக் காட்டுபவரிடம், கிறிஸ்துமஸ் அன்று மட்டும் நிரம்பும் இடத்துக்காக ஐம்பது ஞாயிறுகளின் ஜெபத்தை இழக்கலாமா என்று கேட்கலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கதவோரத்தில் அல்ல, வரிசையின் நடுவிலேயே ஓர் இடம் திறந்திருக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியோர் எல்லாச் சபையிலும் இருப்பதால், தரையில் அமரும் சபைகளும் நாற்காலிகளை ஒதுக்கிவைக்கவே வேண்டும். அவை முதுமைக்கும் நோய்க்கும் உரியவை, பதவிக்கு உரியவையல்ல என்பதை ஆயர் வெளிப்படையாக அறிவிக்கவும் வேண்டும்.

பழைய ஆலயங்களைப் பற்றிய கேள்வி கடினமானது. அவற்றை இடிக்க வேண்டும் என்று எவரும் கூறார். இடிப்பதில் நம்மவர் ஏற்கெனவே மிகுந்த ஆர்வம் காட்டிவருகின்றனர். அங்கே செய்யத்தக்கது ஒன்று உண்டு. நற்கருணை நாட்களில், படிகளுக்கு மேலுள்ள பீடத்தை அப்படியே விட்டுவிட்டு, எளிய மரமேசை ஒன்றைப் படிகளுக்குக் கீழே, சபையின் தளத்திலேயே நிறுத்தலாம். அதற்கு முன்பெஞ்சுகளில் நான்கு வரிசைகளைக் கழற்றி இருபுறமும் திருப்பிப் போட்டால், மேசையை மூன்று பக்கத்திலிருந்தும் மக்கள் சூழ்வர். சமாதானம் வழங்கும்போது எதிரெதிர் அமர்ந்தவர்கள் எழுந்து ஒருவரிடம் ஒருவர் செல்ல வழியும் உண்டாகும். இதற்கு ஒரு தச்சரின் அரைநாட் கூலியே செலவு. ஆனால் அந்த நான்கு வரிசைகளிலும் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அக்குடும்பத்தாரிடம் நேரில் சென்று பேச வேண்டியவர் ஆயர். அதைச் சேகரக் குழுவின் தீர்மானத்துக்கோ பேராய அலுவலகத்தின் சுற்றறிக்கைக்கோ விட்டுவிடலாகாது. தச்சரை அழைப்பதற்கு முன் அந்த வீடுகளுக்குச் சென்றுவர வேண்டும்.